காட்ஸ் பெட்டியில் ஒரு ஏர் பிஸ்டல்

மாமா அந்த ஏர் பிஸ்டலைப் பிரித்துப் போட்டது 1980களின் கடைசியில். திரும்பப் பூட்ட வரவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம் போ" என்று, மில்லுக்கு டாப் ரோலர் காட்ஸ், அதாவது ரோலருக்கு மாட்டும் ரப்பர் உறைகள், வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் அத்தனையையும் அள்ளிப் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அந்த நாளை வருவதற்குள் அவர் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த மில் மூடியது. பீளமேட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினார்கள். அத்தை போய்ச் சேர்ந்தார். 2016இல் மாமாவுக்கு எழுபத்து நாலு வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கண் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும் அவர் கேட்டது பேப்பரை அல்ல, அந்தப் பெட்டியை.

"கண்ணு, அதை ஒருக்கா பூட்டிப் பாத்தரலாமா?"

நானும் மில் மெயின்டனன்ஸ்காரன்தான். கார்டிங், கோம்பர், ரிங் ஃப்ரேம் எல்லாம் பிரித்துப் பூட்டிய கை. ஒன்றே கால் அடி நீளத்தில் காற்றால் சுடுகிற ஒரு சாமான் எத்தனை நேரம் பிடிக்கும்? "ஆகட்டுங்க மாமா" என்றேன். அடுத்த ஒரு வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

மாமா 1969இல் இங்கிலாந்துக்குப் போனவர். லங்காஷயரில் ஓல்டாம் என்ற ஊர். பஞ்சாலைக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய ஜவுளி இயந்திரக் கம்பெனியாக இருந்த பிளாட் பிரதர்ஸ் அங்கேதான். கோயமுத்தூர் மில்களில் பிளாட் மெஷின் ஓட்டாத ஃபிட்டர் அந்தத் தலைமுறையில் குறைவு. பயிற்சிக்குப் போன இடத்தில் மாமா குடியிருந்த வீட்டுக்காரர் ஞாயிறு மதியம் ஒரு கிளப்புக்கு அழைத்துப் போவாராம். சர்ச்சை ஒட்டிய ஹாலில் ஆறு கஜம் தள்ளி அட்டை மாட்டி ஏர் பிஸ்டலில் சுடுவார்கள். குளிருக்குப் பயந்து போன இடத்தில் ருசி பிடித்துவிட்டது. ஊர் திரும்பும்போது சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்றை வாங்கி வந்தார். கடை ரசீது இன்னும் அவர் டைரிக்குள் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் வேண்டியதில்லை. மாமாவுடையது அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அட்டையைத் துளைக்கத்தான் அது. காக்காய் விரட்டக்கூட மாமா அதை எடுத்ததில்லை. எடுக்கிறவர்களைப் பார்த்தால் திட்டுவார்.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். இரும்பெல்லாம் இருந்தது. கிரீஸ் தடவி மெழுகுத்தாளில் சுற்றி வைத்த குழல் அப்படியே மின்னியது. ஸ்பிரிங் ஒரு இழை வளையவில்லை. திருகுகள் ஃபிலிம் டப்பா ஒன்றில் பத்திரம். போனது எல்லாம் மெத்தென்று இருந்த சாமான்கள்தான். பிஸ்டனின் முனையில் சீல் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்தது விரலில் பிசுபிசுத்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் கரையவில்லை. மூங்கில் குச்சியைச் சீவிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். இரும்புக் கம்பியை வைத்துச் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும், கீறல் விழுந்தால் காற்று நிற்காது.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஏர்கன்களில் பலவற்றுக்கும் இதே கதிதான். தோல் வாஷருக்குப் பதில் புதுசு என்று பெருமையாகப் போட்ட செயற்கை சீல்கள் இருபது முப்பது வருஷத்தில் தானாக மக்கிவிட்டன. சுட்டாலும் மக்கும், சுடாமல் பெட்டியில் வைத்தாலும் மக்கும். நல்ல ஷூ ஒன்றைக் கல்யாணத்துக்கு மட்டும் என்று பீரோவில் வைத்திருந்து, ஒரு நாள் போட்டுக்கொண்டு நடந்தால் சோல் பொடிப்பொடியாய்க் கழன்று விழுமே, அதுவும் இந்த வகைதான். பாலியூரிதேனில் ஒரு ரகம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். உபயோகித்தால் தேயும் என்பதுதான் நாம் மில்லில் படித்த பாடம். உபயோகிக்காமலே தேய்கிற சாமானுக்கு ஸ்டோர்ஸில் என்ன கணக்கு எழுதுவது?

சீல் ஒன்று செய்து போட்டால் ஆயிற்று என்று அன்றைக்கே முடித்திருக்கலாம். விஷயம் அதுவல்ல என்பது குழலின் பின்புறம் இருக்கும் சிலிண்டரைப் பார்த்ததும் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் வட்டமான மூடிகள். மூடிக்குள் சின்னப் பல்சக்கரம். பெட்டியில் இருந்த பிஸ்டன்கள் இரண்டு. ஒரு குழல் இருக்கிற பிஸ்டலுக்கு எதற்கு இரண்டு பிஸ்டன்?

சாதாரண ஸ்பிரிங் ஏர்கன்னில் என்ன நடக்கிறது? டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் சிலிண்டரில் உள்ள காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் பாய்கிற நேரத்தில் மொத்தத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் முன்னால் ஒரு வெட்டு வெட்டும். குண்டு குழலை விட்டு வெளியே போவதற்கு முன்பே இந்தக் கூத்து தொடங்கிவிடுகிறது என்பதுதான் தலைவலி. வெடிமருந்துத் துப்பாக்கி கையில் எவ்வளவு பலமாக உதைத்தாலும் குண்டு அதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். காற்றுத் துப்பாக்கியில் குண்டு உள்ளே இருக்கும்போதே கை ஆடிவிடும். பத்து மீட்டர் தூரத்தில் 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தில் விழவேண்டிய குண்டுக்கு அந்த ஆட்டம் ரொம்ப அதிகம்.

ஜெர்மனியில் கர்ட் கிஸ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். முன்னால் ஒரு பிஸ்டன் போகிறதா? அதே எடையில் இன்னொரு பிஸ்டனைப் பின்னால் அனுப்பு. பவானியில் பரிசலில் எதிரெதிராக உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே நொடியில் ஆளுக்கொரு பக்கம் குதித்தால் பரிசல் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருத்தன் ஒரு இமைப்பொழுது முந்தினாலும் போச்சு. இரண்டு பேரும் ஒன்றாகக் குதிப்பதை உறுதிசெய்யத்தான் நடுவில் பல்சக்கரம். இரண்டு பிஸ்டனிலும் பல் வெட்டிய பட்டை இருக்கிறது, ரேக் என்போம். இரண்டு ரேக்கையும் ஒரே பினியன் கோத்து வைத்திருக்கிறது. ஒன்று முன்னால் எவ்வளவு நகர்கிறதோ மற்றது பின்னால் அவ்வளவு நகர்ந்தே ஆகவேண்டும். பின் பிஸ்டன் எதையும் தள்ளுவதில்லை, நெருக்குவதில்லை. கூட வந்த வேலையை மட்டும் பார்க்கிறது. மாமா அதற்கு வைத்த பெயர் "மாப்பிள்ளைத் தோழன்".

கேட்கச் சுலபம். பூட்டும்போதுதான் தெரியும், இது பிஸ்டல் அல்ல, டைமிங் என்று.

ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரவே நாளாயிற்று. முதலில் இது யாருடைய பிஸ்டல் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிலிண்டரின் மேலே "ஒரிஜினல்" என்று அடித்திருந்தது, கீழே மாடல் 6, மேட் இன் ஜெர்மனி. அவ்வளவுதான். ஒரிஜினல் என்ற பெயரில் ஜெர்மனியில் கம்பெனி எங்கே என்று தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. மான்செஸ்டரில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையனிடம் படத்தை அனுப்பினேன். அவன் அங்கே ஒரு பழைய துப்பாக்கிக் கடையில் காட்டினான். "இது டயானா" என்று ஒரே வார்த்தையில் சொன்ன கடைக்காரர், டயானா சீல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். பையன் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தால் பிஸ்டனில் சேரவே இல்லை. மாமா அதை விரலில் மோதிரம்போல மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்.

பெயர் சரி, டயானாதான் வேறு. இந்தக் கதை எனக்குப் பிடித்துப் போனதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1890இல் மாயர், கிராமல்ஷ்பாஹர் என்ற இருவர் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி, ராஷ்டாட் என்ற ஊரில். அதன் முத்திரைதான் டயானா, ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அம்மன் வில்லைக் காலடியில் வீசிவிட்டு ஏர்கன்னைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் நஷ்டஈட்டுக் கணக்கில் அந்த ஆலையின் இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போயின. இயந்திரத்தோடு பெயரும் போயிற்று. ஸ்காட்லாந்தில் மதர்வெல் ஊரிலிருந்த மில்ப்ரோ கம்பெனி அவற்றை வைத்து "டயானா" என்று ஏர்கன் செய்து விற்க ஆரம்பித்தது.

ராஷ்டாட்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1950களில் புது இயந்திரம் போட்டு மறுபடி எழுந்தார்கள். ஆனால் பிரிட்டனுக்குள் தங்கள் சொந்தப் பெயரில் விற்க முடியாது, பெயர் ஸ்காட்லாந்துக்காரன் கையில். அதனால் பிரிட்டனுக்குப் போன சரக்குக்கு "ஒரிஜினல்" என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு குத்தலும் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போனவை இறக்குமதிக்காரரின் பெயரில் வின்செஸ்டர் என்றும் ஹைஸ்கோர் என்றும் ஆயின. ஒரே தட்டில் கிடந்த பிஸ்டன் ஊருக்கு ஒரு பெயரில் வெளியே போயிருக்கிறது. மில்ப்ரோ 1982இல் மூடிய பிறகு பெயர் வீடு திரும்பியது. 2015 வாக்கில் ராஷ்டாட் ஆலையே கைமாறி வேறு ஊருக்குப் போய்விட்டது. நாங்கள் தேடத் தொடங்கியது அதற்கு மறு வருஷம்.

உதிரிபாகம் தேடுகிறவனுக்கு இந்த வரலாறு பொழுதுபோக்கு அல்ல. வின்செஸ்டர் என்று போட்டிருக்கும் பெட்டிக்குள் நமக்கு வேண்டியது இருக்கும். டயானா என்று போட்டிருக்கும் பெட்டிக்குள் இருக்காது. மாமாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம மில்லுல இல்லாததா? ஒரே ஸ்பிண்டில் மூணு கம்பெனி பேர்ல வரும். பில்லைப் பாக்காத, அளவைப் பாரு."

யார்க்ஷயரில் பழைய ஏர் பிஸ்டல் சேர்க்கும் ஒரு பெரியவரோடு பையன் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தான். அவர் சரியான சீலும் ஒரு புது ஸ்பிரிங்கும் தபாலில் அனுப்பினார். மேலே நேர்மையாக ஏர் பிஸ்டல் உதிரிபாகம் என்று எழுதியிருந்தார். பார்சல் இந்தியாவுக்கு வந்தது, வீட்டுக்கு வரவில்லை. ஆயுத உதிரி, இறக்குமதி அனுமதி எங்கே என்று கேட்டு ஒரு காகிதம் வந்தது. அனுமதி வாங்கக் கிளப் சான்று, சங்கச் சான்று, போட்டியில் எடுத்த மதிப்பெண் என்று பட்டியல் நீண்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சர்ச் ஹாலில் சுட்டவருக்கு எந்தச் சங்கம் சான்று கொடுக்கும்? பார்சல் திரும்பிப் போயிற்று. விதியை நான் குறை சொல்லமாட்டேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆளுக்கு எது ரப்பர் வளையம், எது ஆபத்து என்று எப்படித் தெரியும்? ஆனால் மாமா மூன்று நாள் யாருடனும் பேசவில்லை.

யார்க்ஷயர் பெரியவர்தான் வழியும் சொன்னார். சாமான் வராவிட்டால் படம் வரட்டும். மாடல் 6இன் பிரித்த பாகங்களின் வரைபடத்தை நகலெடுத்து, ஒவ்வொரு சீலுக்குப் பக்கத்திலும் பென்சிலால் அளவு எழுதி அனுப்பினார். எழுத்து மணிமணியாக இருந்தது. அளவுகள் அங்குலத்தில். ஜெர்மன் சாமானுக்கு அங்குலத்தில் அளவு எழுத யார்க்ஷயர்காரரால்தான் முடியும்.

அளவு கையில் வந்த பிறகு எங்கள் ஊருக்கு வெளியே போகவேண்டிய அவசியம் இல்லை. கோயமுத்தூரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வட்டமாக வேண்டும் என்றால் யாரிடம் போவது என்று மில்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஸ்பின்னிங்கில் நூலைப் பிடித்து இழுப்பவை டாப் ரோலர்கள். அவற்றின்மேல் செயற்கை ரப்பர் உறை ஒன்று இருக்கும், அதுதான் காட். ஓடி ஓடி அதில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் நூல் திட்டுத்திட்டாக வரும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கழற்றி பஃபிங் மெஷினில் தேய்த்துச் சமன் செய்வார்கள். மில்லில் காட்ஸ் ரூம் என்று தனி அறையே உண்டு. அந்த அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆவாரம்பாளையத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கும் ஒரு அண்ணனைத்தான் மாமா நம்பினார்.

அண்ணன் பிஸ்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பழைய சீலின் பொருக்கில் மிச்சம் வைத்திருந்ததை மோந்து பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஈஸ்டரா, ஈதரா?"

பாலியூரிதேனில் இரண்டு குடும்பம். ஈஸ்டர் ரகம் தேய்மானத்துக்குக் கெட்டி, ஆனால் ஈரத்துக்கு ஆகாது. ஈதர் ரகம் ஈரம் தாங்கும். "போனதுல இருந்து தெரியுதுங்களே, தண்ணி குடிச்சுப் போயிருக்குது. இது ஈதர் ராட்ல போட்டாத்தான் நிக்கும்." காட்ஸுக்குப் போடுகிற ரப்பரையே போட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாதென்றார். காட் ஷோர் என்கிற கெட்டித்தன்மை அளவில் 65இலிருந்து 85 வரை மெத்தென்று இருக்கும், நூலைப் பிடிக்க அது வேண்டும். சிலிண்டரில் ஓடுகிற சீல் அவ்வளவு மெத்தென்றால் சுவரில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். 90க்கு மேலே வேண்டும்.

கெட்டியான பாலியூரிதேனைக்கூட லேத்தில் கடைவது எளிதல்ல. கத்தி பட்டதும் வெட்டாமல் அமுங்கும், கத்தி நகர்ந்ததும் மறுபடி எழும். வெட்டிய பிறகு அளந்தால் ஒரு அளவு, அரைமணி கழித்து அளந்தால் வேறு அளவு. அண்ணன் ராடை எங்களிடமே கொடுத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். மாமாவின் மருமகள் மீன் வைக்கிற தட்டில் அது ஓர் இரவு படுத்திருந்தது. காலையில் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் ஓடினேன். உறைந்திருக்கும்போது கத்தி சுத்தமாக வெட்டியது. நீளமாகச் சுருண்டு சுருண்டு வெள்ளை நாடா விழுந்தது. உதட்டை, அதாவது சிலிண்டர் சுவரைத் தொடும் ஓரத்தை, அண்ணன் லேத்தில் முடிக்கவில்லை. காட் தேய்க்கும் பஃபிங் கல்லில் வைத்து மயிரிழை மயிரிழையாக இறக்கினார். சிலிண்டருக்குள் சீலைக் கட்டைவிரலால் தள்ளினால் நகரவேண்டும், ஆனால் மறு வாயைக் கையால் மூடிக்கொண்டால் நகரக்கூடாது. மைக்ரோமீட்டரை அவர் கடைசியில்தான் தொட்டார், எனக்குச் சமாதானத்துக்கு.

மூடிகளைக் கழற்றவும் பூட்டவும் தனிக் கருவி வேண்டும், ஆலையில் மட்டும் இருக்கும் கருவி. அதை ஒரு பழைய ஸ்பிண்டில் துண்டை அரத்தால் ராவி நானே செய்துகொண்டேன். அது பெரிய வேலை இல்லை.

டைமிங்தான் வேலை. இரண்டு பிஸ்டனையும் சிலிண்டருக்குள் விட்டு, ரேக்குகளை நேராக்கி, பக்கவாட்டில் பினியனை நுழைத்தால் ஏதோ ஒரு பல்லில் கோத்துக்கொள்ளும். எந்தப் பல் என்பதில்தான் எல்லாம். ஒரு பல் தள்ளிக் கோத்தால், முன் பிஸ்டன் முனையைத் தொடுவதற்குள் பின் பிஸ்டன் முட்டிக்கொள்ளும். அல்லது இது முட்டிவிடும், அது பாதியில் நிற்கும். சுடுவது என்னவோ சுடும். ஆனால் எந்த உதையை ஒழிக்க இத்தனையும் செய்தார்களோ அந்த உதை திரும்பி வந்துவிடும். பூட்டிய பிறகு உள்ளே பார்க்கவும் முடியாது.

சோதிப்பதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு உருண்டைப் பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன்மேல் பிஸ்டலைப் படுக்க வைத்து, எதிரே பழைய செய்தித்தாள் திணித்த மரப்பெட்டியைப் பார்த்துச் சுடவேண்டும். பிடியைப் பிடிக்கக்கூடாது, டிரிகரை மட்டும் மெல்லத் தட்டவேண்டும். உதை இருந்தால் பென்சில் உருளும். முதலில் பூட்டியபோது பிஸ்டல் பென்சிலை விட்டே துள்ளி மேஜையில் விழுந்தது. பல் மாற்றிப் பூட்டினேன், எதிர்த்திசையில் ஒரு விரற்கடை உருண்டது. நான் அளந்து அளந்து, ரேக்கில் பல் எண்ணி, காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிஸ்டல் கொக்கி மாட்டித் தயாராக இருக்கும் நிலையில், அதாவது ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், பல்லைச் சேர்க்க முயன்றுகொண்டிருந்தேன். பாகங்கள் நெருக்கமாக இருப்பது அங்கேதான் என்று.

மாமா சாய்வு நாற்காலியிலிருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "கோம்பருக்கு எங்க டைமிங் வெப்ப?"

கோம்பர் என்பது பஞ்சைச் சீவிக் குட்டை இழைகளைக் களையும் இயந்திரம். ஒரு சுற்றுக்குள் கவ்வும், சீவும், பிரிக்கும், சேர்க்கும். ஒவ்வொன்றும் எந்த நொடி என்பதைக் காட்ட இன்டெக்ஸ் வீல் என்று கோடு போட்ட சக்கரம் ஒன்று இருக்கும். எதைச் செட் செய்தாலும் சக்கரத்தைக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த நிலையில் பாகங்களைச் சேர்ப்போம்.

"வேலை முடியற எடத்துல வெப்பங்க மாமா."

"அப்பறம் இங்க மட்டும் எதுக்கு ஆரம்பிக்கற எடத்துல வெக்கற? எங்க ரெண்டும் ஒண்ணா நிக்கோணுமோ அங்க கொண்டு போய் நிறுத்து. அப்பறம் பல்லைக் கோரு."

ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டோம். முன் பிஸ்டனைச் சிலிண்டரின் முன் முனைவரை, பின் பிஸ்டனைப் பின் முனைவரை மரக்குச்சியால் தள்ளி நிறுத்தினோம். அந்த நிலையில் பினியனை வைத்தோம். லேசாக ஒரு பாதிப் பல் அளவு இழுத்தால் கோத்துக்கொள்ளும்போல் இருந்தது. எந்தப் பக்கம் இழுப்பது என்பதுதான் கேள்வி. சீல் உள்ள பிஸ்டனைத்தான் கொஞ்சம் முன்னதாகத் தொட விடவேண்டும், அமுங்குவதற்குச் சீல் இருக்கிறது, இரும்புக்கு இரும்பு முட்டக்கூடாது என்றார் மாமா. பினியன் இருக்கும் இடத்தில் பிஸ்டன்களில் மார்க்கர் பேனாவால் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, ஸ்பிரிங்கோடு மறுபடி பூட்டினோம். கோட்டுக்குக் கோடு சேர்ந்தது.

பென்சில்மேல் வைத்தோம். டப் என்று சத்தம் வந்தது. செய்தித்தாள் பெட்டியில் ஓட்டை விழுந்தது. பிஸ்டல் அப்படியே கிடந்தது. மாமா எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலைப் பார்த்தார். "உருளாம இருக்க ஆறு பட்டைப் பென்சிலா வெச்சிருக்கற?" என்று சந்தேகப்பட்டு வேறு பென்சில் எடுத்துவரச் சொன்னார். அதிலும் உருளவில்லை.

குறிபார்க்கும் பின் சைட்டின் திருகு ஒன்று மட்டும் டப்பாவில் இல்லை. திருப்பும்போது கிளிக் கிளிக் என்று நிற்கவைக்கும் குட்டி உருண்டையையும் காணோம். மெட்ரிக் மரை என்பதால் திருகு கடையிலேயே கிடைத்தது, உருண்டை ஒரு சின்ன பேரிங்கை உடைத்ததில் வந்தது. ஜெர்மன் பிஸ்டலில் கிளிக் சத்தம் மட்டும் கோயமுத்தூர்.

இப்போது மாமா மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிளப் ரேஞ்சுக்கு அதை எடுத்துப் போகிறார். அங்கே சுடுகிற பிள்ளைகள் வைத்திருப்பது எல்லாம் அழுத்தக்காற்று சிலிண்டர் மாட்டிய பிஸ்டல்கள். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துவைத்து ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் விடுகிற ஏற்பாடு. ஓடுகிற பிஸ்டனே இல்லை என்பதால் பிஸ்டன் உதைக்கிற பிரச்சினையும் இல்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் போட்டி நுழைந்த நேரத்திலேயே கிஸ்ஸின் இரட்டைப் பிஸ்டன் பழசாகத் தொடங்கிவிட்டது. கார்பன் டை ஆக்ஸைடு வந்தது, அதையும் தள்ளிவிட்டு அழுத்தக்காற்று வந்தது. நல்ல முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருஷம்தான் ஆயுள். தேதி போட்டிருக்கும். தேதி முடிந்தால் போட்டியில் அனுமதி இல்லை. டிரிகரிலும் மின்சுற்று வந்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி, சரிசெய்ய ஓடியதில் நிமிஷங்கள் போய், 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடத்தில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மாமா அன்று சாப்பிடவில்லை. 2024இல் பாரீஸில் அதே பெண் வெண்கலம் வாங்கியபோது தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

கிளப்பில் ஒரு கல்லூரி மாணவி மாமாவின் பிஸ்டலை வாங்கிப் பார்த்தாள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றவே அவளுக்கு இரண்டு கையும் முழங்காலும் தேவைப்பட்டன. "ஒவ்வொரு ஷாட்டுக்கும் இப்படியா தாத்தா?" என்றாள். சுட்ட பிறகு பிஸ்டலை முகத்துக்கு நேரே பிடித்து, வேறு யாரோ சுட்டார்களா என்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தாள். உதை எங்கே போயிற்று என்று கேட்டாள். மாமாவுக்கு வேறென்ன வேண்டும், அன்று ரேஞ்சை மூடும்வரை மாப்பிள்ளைத் தோழன் கதைதான்.

யார்க்ஷயர் பெரியவருக்கு நாங்கள் செய்த சீலின் படத்தை அனுப்பியிருந்தேன். அவருடைய மாடல் 6 ஒன்றிலும் பழைய சீல் உதிர ஆரம்பித்துவிட்டதாம், நம்முடையதில் சில கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் பில் போடமாட்டேன் என்றார். மாமா போட்டே தீரவேண்டும் என்றார். கடைசியில் அடக்க விலைக்குப் போட்டார்கள். ஈதர் ராடில் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்போது தகராறு குழல் மடங்கும் இடத்தில் இருக்கும் பிரீச் சீலைப் பற்றி. காற்று அங்கே கசிகிறது, டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுட்டால் பறக்கிறது. அண்ணன் அதையும் பாலியூரிதேனில் போடலாம் என்கிறார். மாமா தோல்தான் சரி என்கிறார், எண்ணெயில் ஊறவைத்த எருமைத்தோல், ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி. இரண்டையும் செய்து, இரண்டிலும் அட்டை சுட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. தோல் வாங்க நாளைக்குப் போகிறேன்.